பெரியம்மா வீட்டு றிமோட் கணக்கு

விசுவமடுவில பெரியம்மா வீட்டு ரிவியில யூடியூப் வேலை செய்யேல்லை எண்ட செய்தி பரந்தனுக்கு வர முதல் கனடாவுக்குப் போட்டுது. மச்சாள் வீடியோ கோல் எடுத்து, "அந்தக் குப்பையை எறிஞ்சுபோட்டு 55 இஞ்சியில ஸ்மார்ட் ரிவி ஒண்டு எடுங்கோ, இல்லாட்டி நான் இங்க வாங்கிப் பெட்டியில போட்டுவிடுறன்" எண்டா. பெரியப்பா உடன எழும்பிச் சுவரை அளக்கத் தொடங்கினார். சித்தப்பா தாடியைத் தடவிக்கொண்டு, "பொறுங்கோ, ஒருக்கா ரீசெட் அடிச்சுப் பாப்பம்" எண்டார். தண்ணி மோட்டரையே ரீசெட் அடிக்கப் பாத்த மனுசன்.

ரீசெட் எண்டால் ரிவியை வாங்கின நாள் நிலைக்குத் திருப்புறது. பழைய ஸ்மார்ட் ரிவிக்கு அது கடைசி வைத்தியம். முதல்ல பாக்கவேண்டியது திகதியும் நேரமும். கரண்ட் போய் வந்தால் சில ரிவியளில நேரம் எங்கயோ பின்னுக்குப் போய் நிக்கும். திகதி பிழையெண்டால், மற்றப்பக்கம் இருக்கிறது உண்மையான ஆள்தானோ எண்டு ரிவி பாக்கிற பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துவராது. வைபை முழுக்கோடு காட்டும், ஆனால் "இணையம் இல்லை" எண்டு நிக்கும். செட்டிங்ஸில நேரத்தைத் தானா எடுக்க விடவேணும். பிறகு ஆப்பின்ர கேஷை, அதாவது அது தற்காலிகமாச் சேர்த்து வைச்சதைத் துடைக்கிறது, பிறகு ரிவியின்ர மென்பொருள் அப்டேற். இவ்வளவும் சரிவராட்டித்தான் ரீசெட். ஏனெண்டால் அதை அடிச்சால் உள்ளுக்க இருந்த ஆப்பும் போகும், அந்த மொடலுக்கு ஸ்டோரில அது இனி இல்லையெண்டால் திரும்ப வராது. சித்தப்பா நேரா ரீசெட்டுக்குப் போனார். அதுவரைக்கும் யூடியூப் மட்டும்தான் இல்லை. பிறகு ஸ்டோரே திறக்கேல்லை.

"டிஷ் இருக்குத்தானே" எண்டு கேக்கிறவைக்கு: டிஷ் குரங்குகளிட்ட இருக்கு. மாமரத்தால கூரைக்குத் தாவுறவை கேபிளைப் பிடிச்சுத்தான் இறங்குறது. கேபிள் இழுபட்டு டிஷ்ஷுக்குக் கிட்ட இருக்கிற கனெக்டர் தளர, மாரி மழையில அதுக்குள்ள தண்ணி போய்ச் செப்புக்கம்பி பச்சை பிடிச்சுப்போகும். பிறகு சிக்னல் வராது. கனெக்டரை மாத்தி, ரேப் சுத்தி, கேபிளைக் கீழ வளைச்சு விட்டால் தண்ணி சொட்டிப்போகும். குரங்குக்கு அந்த வளைவு ஊஞ்சல்.

உண்மையில ரிவிக்கு ஒரு வருத்தமுமில்லை. 32 இஞ்சி, பனலில ஒரு கோடு இல்லை, சத்தம் அடுத்த காணி வரைக்கும் கேக்கும். கிழடு தட்டினது உள்ளுக்க இருக்கிற சின்னக் கணினிதான். அந்தக் காலத்து மலிவு ஸ்மார்ட் ரிவியளில 1 ஜிபி ரேம் (ஆப் ஓடேக்க பாவிக்கிற நினைவகம்) இருந்தாலே பெரிய விசயம். ஆப்புகள் வருசாவருசம் ஊதிக்கொண்டு போகும், ரேம் ஊதாது. கடைசியில ஆப் செய்யிற நிறுவனமே கைவிட்டிடும். 2019 டிசம்பரில சில பழைய சாம்சங் ரிவியளில நெட்பிளிக்ஸ் நிண்டதும் அப்படித்தான். பனல் பத்து வருசம் ஓடும், மூளை அஞ்சு வருசத்தில மூச்சு வாங்கும். ரெண்டையும் ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு விக்கிறது விக்கிறவைக்கு நல்லது.

கனடாப் பெட்டிக்கு வருவம். வட அமெரிக்க ரிவியின்ர பின்பக்க ஸ்டிக்கரை மச்சாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவேணும். 100–240 வோல்ட் எண்டு இருந்தால் தப்பும். 120 மட்டும் எண்டால் எங்கட 230இல குத்தின உடன புகைதான். புகையாட்டியும், அதின்ர ரியூனர் (சனல் பிடிக்கிற பகுதி) அங்கத்தைய ஒளிபரப்புக்குச் செய்தது, இங்க அன்ரெனாவில வாற சனல் ஒண்டையும் பிடிக்காது. அன்ரெனா ரூபவாஹினியில சொன்னால்தான் ஜனாதிபதி மாறினதையே நம்புற பெரியப்பா, இதைக் கேட்ட உடன அளவுநாடாவைச் சுருட்டி வைச்சிட்டார்.

அப்ப ஸ்டிக், பழைய ரிவியின்ர எச்டிஎம்ஐ ஓட்டையில குத்தி யூடியூப், நெட்பிளிக்ஸ் ஓட்டுற குட்டிக் கருவி. அதிலயும் சித்தப்பாவுக்குப் பிடிச்சது "8கே" எண்டு ஒட்டின பெயரில்லாப் பெட்டி, ரெண்டு அன்ரெனா நீட்டிக்கொண்டு நிண்டது. அதுகளில கனக்க போனுக்குரிய அன்ட்ரொயிட்டைத்தான் ஏத்தி வைச்சிருப்பினம். நெட்பிளிக்ஸ் அனுமதி இல்லாதபடியால் 480 வரிக்கு மேல படம் வராது, றிமோட்டால அரைவாசி ஆப்பில ஒண்டையும் அமத்த ஏலாது. இதை விடப் பெரிய பிரச்சினை, சிலது கடையால வரேக்கையே கள்ள மென்பொருளோட வருது, 2025 ஜூனில அமெரிக்க எப்பிஐ "பேட்பொக்ஸ் 2.0" எண்டு இதைப் பற்றி வெளிப்படையா எச்சரிச்சது. கூகுள் ரிவி, பயர் ரிவி மாதிரி முறையான அனுமதி உள்ளதையே எடுக்கவேணும். 2 ஜிபி ரேமுக்குக் குறைய வேண்டாம். ஸ்டிக்குக்கும் சாவு உண்டு: 2015இல வந்த ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் 2025 மார்ச்சில உலகம் முழுக்கப் படுத்துது, உள்ளுக்க இருந்த சான்றிதழுக்குப் பத்து வருசம் முடிஞ்சதால. கூகுள் பிறகு திருத்தி விட்டது. ஆனால் ஸ்டிக் செத்தால் ஸ்டிக்கைத்தான் எறியிறது, சுவரைத் திரும்ப அளக்கத் தேவையில்லை.

ஸ்டிக் வந்தது. பின்னேரம் நாடகம் சூடுபிடிக்கிற இடத்தில அது அணைஞ்சு லோகோ காட்டி எழும்பும், திரும்ப அணையும். "சைனாச் சாமான்" எண்டு சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு ரிவியின்ர பின்பக்கத்தில இருந்தது: ஸ்டிக்குக்குக் கரண்டை ரிவியின்ர யூஎஸ்பி ஓட்டையில இருந்து எடுத்திருக்கினம். பழைய யூஎஸ்பி தாறது 5 வோல்டில 0.5 அம்பியர். ஸ்டிக் கேக்கிறது 1 அம்பியர். மெனு பாக்கேக்க சமாளிக்கும், படம் ஓடி வைபையும் இழுக்கேக்க விழுந்துபோகும். பெட்டியோட வந்த அடப்டரைச் சுவரில குத்தினால் முடிஞ்சுது. குத்த ஓட்டை இல்லையெண்டு மல்ரிபிளக் தேடினது வேற கதை.

அடுத்தது சிக்னல். ரிவிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற ஸ்டிக்குக்கு ரிவியே மறைப்பு. பெட்டிக்குள்ள வாற குட்டி எச்டிஎம்ஐ நீட்டுவயரைச் சும்மா எறியாமல் போட்டு, ஸ்டிக்கைப் பக்கவாட்டில தொங்கவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். ரவுட்டர் வேற அறை யன்னலில எண்டால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபை சுவரைத் தாண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் களைச்சிடும்.

பிறகு டேட்டா. நெட்பிளிக்ஸ் கணக்கில மணித்தியாலத்துக்கு எச்டி 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. பெரியம்மாவின்ர பனல் 1366×768, அதில 1080 ஓடவிடுறதில ஒரு பிரயோசனமும் இல்லை. 720ஓட நிப்பாட்டலாம். முக்கியமா யூடியூப்பில ஓட்டோபிளேயை நிப்பாட்டவேணும். பெரியம்மா ஒன்பது மணிக்குக் கதிரையில நித்திரை, யூடியூப் விடியும் வரைக்கும் நித்திரை இல்லை. நல்லூர்த் தேரில தொடங்கி விடியப்பறம் யாரோ ஆந்திராவில இறால் பொரிக்கிறதில வந்து நிண்டது. மாசம் பாதியில பக்கேஜ் முடிஞ்சுது.

புது ரிவியே எடுக்கவேணுமெண்டால் எடுங்கோ, இப்ப ஸ்மார்ட் இல்லாத பெரிய ரிவி கிடைக்கிறதே அரிது. பனலையும் வாறன்ரியையும் மூண்டு எச்டிஎம்ஐ இருக்கோ எண்டதையும் பாத்து எடுங்கோ, ஆப்பைப் பாத்து எடுக்காதேங்கோ. வீட்டில வயசானவை தனிய எண்டால் மட்டும் ஸ்மார்ட் ரிவிக்கு ஒரு புள்ளி கூட: ஒரே றிமோட்.

ஸ்டிக்கிலயும் அதைக் கொண்டுவரலாம். ரிவி செட்டிங்ஸில எச்டிஎம்ஐ சிஇசி எண்டதைப் போட்டுவிடவேணும். சாம்சங்கில அனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்பிளிங்க், சோனியில பிராவியா சிங்க் எண்டு பேர் வைச்சிருப்பினம். போட்டால் ஸ்டிக் றிமோட்டே ரிவியை எழுப்பும், படுக்கவைக்கும். பெரியம்மா முதல் வேலையா அந்த றிமோட்டுக்குப் பொலித்தீன் பை போட்டு றப்பர் வளையம் மாட்டினா. பையால பொத்தான் தெரியாமல் மைக் பொத்தானை அமத்திக்கொண்டு, இடுப்பு நோவில "முருகா" எண்டபடி கதிரையில இருந்தா. ஸ்கிரீன் முழுக்க முருகன் பாட்டு. அவ எழும்பிக் கும்பிட்டா. இப்ப "ஸ்டிக்" எண்டு சொல்லாதேங்கோ, அவவுக்குக் கோவம் வரும்.

பெரியப்பாவுக்குத்தான் பிரச்சினை. எச்டிஎம்ஐயில இருந்து அன்ரெனாவுக்குத் திரும்ப வாற "சோர்ஸ்" பொத்தான் ஸ்டிக் றிமோட்டில இல்லை, பழைய ரிவி றிமோட்டிலதான் இருக்கு. அது இனித் தேவையில்லையெண்டு சித்தப்பா பற்றரி ரெண்டையும் கழட்டிச் சுவர் மணிக்கூட்டுக்குப் போட்டிட்டார். மனுசன் எட்டு மணிக்கு ரிவிக்கு முன்னால இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறார், செய்தி போகுது எண்டு.