குரூப் 4 தேர்ச்சி: மருந்துக்கடைக் கல்லாவில் நான் படித்த தமிழ்

போன வாரம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு ரிசல்ட் வந்தது. இது மூன்றாவது முறை. தமிழில் 100க்கு 94. தரவரிசையைப் பார்த்ததும் அம்மா விளக்கேற்றப் போய்விட்டார். நான் கடைக்குக் கிளம்பினேன், அன்று சாயங்காலம் கல்லா என் பொறுப்பு. மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடையில் நான்கு வருடமாக பில் போடுகிறேன். கலந்தாய்வு முடியும்வரை விடுவதாக இல்லை.

தமிழுக்கு என்ன படித்தாய் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் படிக்கிற அதே பள்ளிப் புத்தகம்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கணக்குக்கு வேறு யாரையாவது கேளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: சொல்லும் பொருளும் என்று இரண்டு பத்தி போட்டு மனப்பாடம் செய்ததுதான் என்னை இரண்டு முறை கவிழ்த்தது. போன முறை தமிழில் 79.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தின் நோட்ஸில் ‘மருந்து – ஔடதம்’ என்று ஒரே வரி இருக்கும். அங்கே நடந்த ஒரு மாதிரித் தேர்வில் 950ஆவது குறளைக் கொடுத்திருந்தார்கள்.

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து

கடைசியில் நிற்கும் ‘மருந்து’ எதைக் குறிக்கிறது என்பது கேள்வி. யோசிக்காமல் ஔடதத்தை நிரப்பினேன். விடை, மருத்துவம். ஏன் என்று கேட்கப் போனேன். “நோட்ஸ்ல இருக்கறத மட்டும் படிம்மா, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காத” என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளையை அப்படி அனுப்பக் கூடாது.

பதில் இரண்டு நாள் கழித்துக் கடையிலேயே கிடைத்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியம்மாவிடம் சீட்டு எங்கே என்று கேட்டேன். “தஞ்சாவூர்ல ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு வருசமா மருந்து சாப்புடுறேன் பாப்பா” என்று பையைத் துழாவினார். என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த டாக்டர் இவருக்கு ஒரு மாத்திரையும் கையில் கொடுப்பதில்லை. பார்ப்பது, ரத்தம் எடுக்கச் சொல்வது, சோற்றைக் குறைக்கச் சொல்வது, மாதா மாதம் வரச் சொல்வது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பெரியம்மாவின் வாயில் ‘மருந்து’. குறளிலும் அதேதான். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் என்று நான்கு. நாலில் ஒன்றுக்கும் அந்தப் பேர், நாலும் சேர்ந்ததற்கும் அந்தப் பேர். ஒரே குறளில் ஒரே சொல் இரண்டு அளவில் நிற்கிறது.

அன்றைக்கே புது நோட்டு வாங்கினேன். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் மருந்து. காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன்:

– மருந்துக்குக்கூட மழை இல்லை: துளியும் இல்லை. மருந்தைக் கொஞ்சமாகத்தானே கொடுப்பார்கள், அந்தக் கணக்கு.
– அப்பா மருந்தடிக்கப் போயிருக்கார்: வயலுக்குப் பூச்சிமருந்து.
– மருந்தக் குடிச்சிட்டாரு: இங்கே அதே சொல் உயிரை எடுப்பது. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன்.
– மருந்து வச்சுட்டா: இடுமருந்து, வசியம்.
– மருந்து நமுத்துப் போச்சு: பட்டாசு.
– தீபாவளி மருந்து: லேகியம்.
– விருந்தும் மருந்தும் மூணு நாள்.

இதற்குக் கீழே பாடப்புத்தகத்தில் வந்ததைச் சேர்த்தேன். ‘மருந்து’ அதிகாரத்தில் பத்துக் குறள் இருந்தாலும் அந்தச் சொல் வருவது 942, 950 இரண்டில் மட்டும்தான். மற்ற எட்டும் பெரும்பாலும் அளவறிந்து சாப்பிடச் சொல்பவை. அதிகாரத்துக்கு வெளியேதான் சொல் விளையாடுகிறது. 82இல் சாவா மருந்து என்றால் அமிழ்தம். 217இல் எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம், பெருந்தகையாளரின் செல்வத்துக்கு உவமை. 1091இல் அவள் பார்வையில் ஒன்று நோய், ஒன்று அந்த நோய்க்கு மருந்து. 1102இல் அவளே மருந்து. மணிமேகலையில் ஆருயிர் மருந்து என்றால் சோறு. புறநானூறு 173இல் சிறுகுடிப் பண்ணன் பசிப்பிணி மருத்துவன். இவற்றைத் தனித்தனியாகப் படித்தபோது ஒன்றும் நிற்கவில்லை. ஒரே பக்கத்தில் பார்த்தபிறகு மறக்கவே முடியவில்லை.

இலக்கணமும் இதற்குள்ளேயே வந்துவிடும். மருந்து மென்தொடர்க் குற்றியலுகரம், அதாவது மெல்லின மெய்யை அடுத்து வந்து குறுகி ஒலிக்கிற உகரத்தில் முடியும் சொல். மருந்து + பை = மருத்துப்பை, மெல்லினம் வல்லினமாகிறது. மருத்துவம், மருத்துவச்சி எல்லாவற்றிலும் அதே ‘த்’தான். இப்படி மாறுவது ‘சில’ சொல்தான் என்று நன்னூல் இலக்கணம் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள், அதனால்தான் கடைப் பலகையில் மருந்துக்கடை மருந்துக்கடையாகவே இருக்கிறது.

ஒரு நாள் மஞ்சப்பையோடு ஒரு பையன் வந்து, “ஆயா மருந்து வாங்கிட்டு வரச் சொன்னுச்சு” என்று துண்டுச்சீட்டை நீட்டினான். பென்சில் எழுத்து, எண்ணெய்க் கறை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம். அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. “இது நாட்டு மருந்துக்கடையில கிடைக்கும் தம்பி” என்று வழி சொல்லிவிட்டுத் திரும்பினால், முதல் மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம், பாடத்தில் வருகிற நீதிநூலின் பெயரும் அதுதான். சாப்பாட்டு வேளையில் நானும் அந்தக் கடைக்குப் போனேன். பத்து ரூபாய்க்குத் திப்பிலி வாங்கிக் கடித்தேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு நாக்கின் நுனி மரத்துப் போனது. அதேபோல மருந்துப் பெயர் கொண்ட நூலான ஏலாதியின் ஆறு பொருள் (ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு) அதுவரை எனக்கு வரிசை மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு மாறவில்லை. ஐந்து வேர்களின் பெயரால் வந்த சிறுபஞ்சமூலம் என்ற நூலுக்குக் கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் பார்த்தேன், மற்ற மூன்றையும் எழுதி எழுதித்தான் படித்தேன்.

இனி நேரடியாக:

ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். பத்துச் சொல் வேண்டாம்.

அகராதியைக் கடைசியில் பாருங்கள். முதலில் வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

குழுவாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வாய்விட்டுப் படிக்க வெட்கமாக இருந்தது. தனியாகப் படியுங்கள், சத்தமாகப் படியுங்கள்.

பொருத்துக கேள்வியில் தெரிந்த பொருளைப் பார்த்த உடனே நிரப்பாதீர்கள். அந்தச் சொல் அந்த வரியில் என்ன செய்கிறது என்று ஒரு முறை பாருங்கள். இதற்கு ஐந்து நொடி ஆகும். எனக்கு இதில் மட்டும் ஏழெட்டு மதிப்பெண் ஏறியது.

விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ வட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்த முறை எழுதுகிறவர்கள் ‘கை’யில் தொடங்குங்கள். கைமருந்து, கைமாற்று, கைநாட்டு, கைராசி, கைப்பக்குவம் என்று எனக்கு இரண்டு பக்கம் வந்தது, இன்னும் முடியவில்லை.