ஆறாம் வகுப்பில் ஒரு வருஷம்

மே 8
ப்ளஸ் டூ ரிசல்ட் நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள், இன்றே வந்துவிட்டது. திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, காலேஜ் சேர்க்கைக்கு நான் வழி சொல்லும் ஒற்றை அறையில் மாலைக்குள் பதினோரு குடும்பம். கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200-க்கு. இந்த இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்கைப் பதினோரு தடவை தாளில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளுக்கு இது தலைகீழ்ப் பாடம். பெற்றவர்களுக்குத்தான் நான் போட்டால் திருப்தி.

மே 12
நத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண், அம்மாவோடு. கணக்கு 88, இயற்பியல் 84, வேதியியல் 79. கட்-ஆஃப் 169.5. அரசுப் பள்ளி என்றதும், "7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஃபைலைப் பிரித்தேன். ஆறாம் வகுப்பு மட்டும் ஒரு மெட்ரிக் பள்ளி.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தால் ஒதுக்கீடும் போச்சு, அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போச்சு.

"இங்கிலீசு வரட்டுமேன்னு சேர்த்தோம் சார். ஃபீஸ் கட்ட முடியாம அடுத்த வருசமே கவர்மெண்ட் ஸ்கூலுக்குக் கூட்டியாந்துட்டோம்."

ஃபைலைப் பார்க்காமல் வாயைத் திறந்தது என் தப்பு. பதினாலு வருஷமாக இதே வேலை எனக்கு. என் ஃபீஸ் 300 ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை.

மே 13
நத்தம் பெண்ணின் வீட்டில் யாரும் டிகிரி முடித்ததில்லை என்பதால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. கல்விக் கட்டணத்தில்தான் குறையும், ஹாஸ்டலுக்கு உதவாது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு எழுதிப் போடச் சொன்னேன். இந்தத் தடவை எல்லாச் சான்றிதழையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மே 19
"இப்ப எதுக்கு சார் மவுசு?" இன்றைக்கு மட்டும் ஆறு அப்பாக்கள். நாலு வருஷம் கழித்து எதற்கு மவுசு இருக்கும் என்று தெரிந்தால் நான் ஏன் இந்த அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

மே 26
நத்தம் பெண் தனியாக வந்தாள். என்ன படிக்க ஆசை என்று அன்றைக்குக் கேட்கவே இல்லை, இன்று கேட்டேன். சிவில். அம்மாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.சி. ரூம். அப்பா கொத்தனார், அவருக்கும் சிவில் பிடிக்கவில்லை. "வெயில் என்னோட போகட்டும்னு சொல்றார் சார்."

லீவு நாளில் அப்பாவோடு வேலைக்குப் போவாளாம். பிளானில் இருக்கும் அளவுகளைப் படித்துச் சொல்வது இவள்தான், அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாடிப்படியில் ஒரு படி குறைகிறது என்று ஒருமுறை இவள் சொல்ல, மேஸ்திரி நம்பாமல் டேப்பை வைத்து அளந்து பார்த்தாராம்.

அப்பாவைக் கூட்டி வா என்றேன்.

ஜூன் 4
விண்ணப்பத்துக்கு 6-ம் தேதி கடைசி. முதல் பட்டதாரி சான்றிதழ் வந்துவிட்டது. அப்பாவும் வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சிவில் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். கேட்டாரா தெரியாது, கண் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில்தான்.

"இது யாரு பூசினது சார்? உப்புப் பூத்துக் கிடக்கு."

"தண்ணி உப்பா இருந்திருக்கும்ப்பா," என்றாள் மகள்.

"மணலைச் சலிக்கல. பாரு, விரல் வச்சாலே உதிருது."

"மணலும்தான். ஆனா தண்ணிதான்ப்பா."

அவர்கள் முடிக்கட்டும் என்று நான் சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணப் போய்விட்டேன்.