உயர் அளவு கீமோவில் ஸ்டெம் செல்லுக்கு என்ன வேலை?

பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று யாராவது சொன்னால், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த செல்கள் கட்டியைத் தொடுவதே இல்லை. கட்டியைத் தாக்குவது கீமோதான். வழக்கத்தைவிடப் பல மடங்கு கீமோ ஏற்றினால் எலும்பு மஜ்ஜை கருகி, ரத்த உற்பத்தி நின்றுபோகும். அதை மறுபடி முளைக்க வைக்க, நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்துவைத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூல செல்களை, திருப்பி ஏற்றுகிறார்கள். விதைநெல் மாதிரி.

அந்த செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்து எடுக்க ஃபில்கிராஸ்டிம் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் தினமும். இடுப்பும் முதுகும் குடையும். 5ஆம் நாள் வாக்கில், ரத்தத்திலிருந்து அந்த செல்களைப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கால்சியம் கொடுத்தால் அடங்கும், விட்டால் தசை இழுத்துக்கொள்ளும். கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (ஸ்டெம் செல்லின் அடையாளக் குறி உள்ளவை) தேவை. 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. ஏற்கெனவே பல சுற்று கீமோ வாங்கியவர்களுக்கு இந்த எண்ணிக்கை எட்டாமல் போவதுண்டு.

செல்களை டிஎம்எஸ்ஓ திரவத்தில் கலந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் மெல்லக் குளிர வைத்து, திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். டிஎம்எஸ்ஓ இல்லாவிட்டால் பனிப் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும். உருகிய பிறகோ அதே டிஎம்எஸ்ஓ செல்லுக்கு நஞ்சு. அதனால்தான் 37 டிகிரி வெந்நீரில் உருக்கிய பையைத் தாமதிக்காமல் ஏற்றுகிறார்கள். ஓரிரு நாளைக்கு நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை வரும். வீட்டார் பயப்பட வேண்டாம், டிஎம்எஸ்ஓ வெளியேறும் வாடைதான் அது.

மார்பகத்துக்கு அதிகம் பயன்பட்ட கூட்டு சைக்ளோபாஸ்பமைடு, தயோடெபா, கார்போபிளாட்டின். முதலாவது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு உண்டாக்கும்; மெஸ்னா என்ற தடுப்பு மருந்தும் நிறைய திரவமும் காவல். தயோடெபா வியர்வையில் வெளியேறி அக்குள், மார்பின் அடிமடிப்பு, பிளாஸ்திரி ஒட்டிய இடங்களில் தோலைப் பொசுக்கும். தினமும் பலமுறை குளிக்கச் சொல்வது இதற்குத்தான். கீமோ மருந்து உடம்பைவிட்டு நீங்கிய பின்பே செல்களை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மிச்ச மருந்து அவற்றையும் கொன்றுவிடும்.

ஏற்றிய பின், கிருமியோடு போராடும் வெள்ளையணுவான நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500ஐத் தொட ஏறக்குறைய 10-12 நாளாகும். அதற்குள் 38.3 டிகிரி காய்ச்சல் வந்தால், எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இந்த நாட்களில்தான் உயிர்கள் போயின.

இத்தனை வேதனைக்குப் பலன்? 1990களில் அமெரிக்காவில் ஆய்வு முடியும் முன்பே ஆயிரக்கணக்கான பெண்கள் இதற்குள் அனுப்பப்பட்டார்கள். பணம் தர மறுத்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக 1993இல் கலிபோர்னியா ஜூரி 8.9 கோடி டாலர் தீர்ப்பளித்தது. 1999இல் ஆஸ்கோ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் மாநாட்டில் பெரிய வெற்றியைக் காட்டியது தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா ஆய்வு. அடுத்த ஆண்டு தணிக்கையில் அது மோசடி என்று அம்பலமானது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் பரவியவர்களில் 3 ஆண்டு உயிரோடிருந்தோர் உயர் அளவில் 32 சதவீதம், வழக்கமான கீமோவில் 38. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே, ஆனால் கூடுதல் ஆயுள் என்று எதுவும் தெரியவில்லை.

மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயிலும், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் சில வகைகளிலும் இதே முறை இன்றும் பலன் தருகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு யாராவது பரிந்துரைத்தால், எந்த ஆய்வின் கீழ் என்று கேட்டு, அந்த ஒப்புதல் படிவத்தை வாங்கிப் படியுங்கள்.