நிலைப்படி, கண்ணாடி, சாம்பார் வாளி: செட்டிநாட்டு வீட்டுக்குள் மனித ரோபோ

குட்டிக்கரணம் போடும் ரோபோ நிலைப்படியில் தடுக்கி விழும். கரணம் போட, தன் உடம்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். இடுப்பிலிருக்கும் சாய்வு சென்சாரும் மூட்டுகளின் கோணத்தை அளக்கும் சென்சார்களும் அதைச் சொல்லிவிடும். எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கால் வைக்கும் நிரல்கள் இன்றும் நிறைய உண்டு.

கல்யாண வீட்டுக்கு ரோபோவை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் வீடியோவில் அது ஆடுவதைப் பார்ப்பதை விடுங்கள், வீட்டைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலுக்கு வாசல் நிலைப்படி. சமதளத்தில் நடக்கும் ரோபோவின் பாதம் சில சென்டிமீட்டர்தான் எழும். 8 சென்டிமீட்டர் நிலைப்படி என்றால் நுனிக்கால் இடிக்கும், எடை முன்னே சாயும். சமாளிக்க அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்திலும் அதே மரக்கட்டை மறிக்கும். இரண்டு பக்கமும் 65 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவுப் பலகை போடுங்கள். மேலே ரப்பர் விரிப்பு வேண்டும். ஆத்தங்குடி கல் ஈரமாக இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்தது கண். தூரத்தை அளக்க ரோபோ விடும் லேசர் கதிர், முகம் பார்க்கும் பெல்ஜியம் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால், கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கூடம் இருப்பதாக ரோபோ வரைபடம் போட்டுக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் தொல்லைதான்: வெறும் வெள்ளை, அதுவும் பளபளப்பு. ஆழம் அளக்கும் கேமராவுக்குப் பிடிமானமாகப் புள்ளிகள் சரியாகக் கிடைக்காது. முற்றத்து வெயிலிலிருந்து பத்தியின் (சுற்றுத் தாழ்வாரத்தின்) நிழலுக்கு வந்ததும் கேமரா கொஞ்ச நேரம் திணறும். கண்ணாடியைத் துணியால் மூடிவிடுவது சுலபமான வழி. சுவரையும் முற்றத்து ஓரத்தையும் வரைபடத்தில் 'போகக்கூடாத இடம்' என்று கையாலேயே குறித்து வையுங்கள்.

பரிமாறுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சீன நிறுவனமான யூனிட்ரீயின் ஜி1 என்ற மனித ரோபோ சுமார் 35 கிலோ, 1.3 மீட்டர் உயரம். அதன் அடிப்படை மாடலில் 23 மூட்டு மோட்டார்கள் உண்டு, விரல்கள் கிடையாது, ரப்பர் முஷ்டிதான். கை தாங்குவது ஏறக்குறைய 2 கிலோ. 5 லிட்டர் சாம்பார் வாளி பாத்திர எடை சேராமலே 5 கிலோவைத் தாண்டும். குழம்பு தளும்பத் தளும்ப எடையின் மையமும் ஆடும், நடையும் குலையும். சந்தனப் பேலாவும் (கிண்ணமும்) கல்கண்டும் வைத்த சின்னத் தட்டு போதும். அதைக்கூடக் கையை நீட்டிப் பிடிக்க விடாதீர்கள்: 2 கிலோவை அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் தோள் மோட்டார் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தபடியே இருக்க வேண்டும். அசையாமல் நின்றாலும் மின்சாரம் ஓடும், மோட்டார் சுடும். சூடு எல்லை மீறினால் பாதுகாப்புக்காக விசை குறையும், தட்டு மெல்லத் தாழும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் தோளின் சுமை ஏறக்குறைய பாதியாகும்.

பேட்டரி சுமார் 2 மணி நேரம் வரும் என்கிறார்கள். முழங்காலை மடக்கியே நிற்பதால் சும்மா நின்றாலும் தீரும். முகூர்த்தத்துக்கு முன்பே மாற்று பேட்டரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. சக்கர வண்டியை நிறுத்தினால் நிற்கும். இரண்டு கால் ரோபோவின் மோட்டாரை நிறுத்தினால் அப்படியே சரிந்து விழும். ஆகவே ரிமோட் வைத்திருப்பவர் ரோபோவை விட்டு நகரக்கூடாது, சுற்றி இரண்டு மீட்டருக்குள் பிள்ளைகள் வரக்கூடாது. நிரலை மாற்றிச் சோதிக்கும்போது சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் பெல்ட்டால் தொங்கவிட வேண்டும். தேக்குத் தூணில் கட்டிவைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.