சத்தம் போடாத எட்டாவது வால்வு

பழைய மோரிஸ் மைனர் காரில் டேப்பட் சத்தம் (வால்வு இடைவெளி கூடினால் வரும் டிக் டிக்) அதிகமானதும், சரி, நாமே செட் பண்ணிவிடலாம் என்று இறங்கினேன். அதிலிருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. கேம் (சுழலும் தண்டிலுள்ள புடைப்பு) டேப்பட்டைத் தள்ளும், டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், ராக்கர் என்ற நெம்புகோல் போய் வால்வை அழுத்தும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் நாம்தான் திருத்த வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது எட்டு வால்வுக்கும் 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினாலே போதும். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ‘ஒன்பது கணக்கு’ இருக்கிறது: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், செட் பண்ண வேண்டிய வால்வு வந்துவிடும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது.

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். தொளதொளவென்றும் போகக்கூடாது, இழுத்தால் வராமலும் இருக்கக்கூடாது. பொறுமையைச் சோதிப்பது, இடைவெளியைத் திருத்தும் ஸ்க்ரூவைப் பூட்டிவைக்கும் லாக் நட்தான். ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கினாலும் அளவு கொஞ்சம் நழுவிவிடும். இறுக்கியபின் கேஜை மறுபடி விட்டுப் பார்க்காவிட்டால் செய்த வேலை வீண்.

சத்தம் போட்டது மூன்றாவது. ஆனால் கேஜ் அங்கே சரியாகத்தான் நின்றது! டார்ச் அடித்துப் பார்த்தால் ராக்கர் நுனியில் வால்வு தண்டு தேய்த்த பள்ளம். தட்டையான கேஜ் பள்ளத்தின் இரு கரைமேல் உட்கார்ந்துகொள்கிறது. பள்ளத்தின் ஆழம் அளவில் வராது, சத்தத்தில் மட்டும் வரும். ராக்கரை மாற்றும்வரை அது டிக் டிக்கென்று இருக்கட்டும், இப்போதைக்கு ஆபத்தில்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது எட்டாவது. புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு, சத்தமே இல்லை. ஆனால் 0.006 அங்குல கேஜ்கூட அதற்குள் நுழையவில்லை. இப்படி இறுகிக்கிடந்தால் எஞ்சின் சூடானபின் வால்வு தன் சீட்டில் (மூடும்போது அது பதியும் விளிம்பில்) முழுதாக உட்காராது. எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. அந்தத் தொடுதல் போனால் விளிம்பு கருகிவிடும். சத்தம் போடுகிற வால்வு ஊரைக் கூட்டும். இறுகினது சத்தமில்லாமல் எரிந்துபோகும்.

காரணம் பெட்ரோலாக இருக்கலாம். இந்த இரும்பு ஹெட்டெல்லாம் (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகம்) ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வந்தவை. ஈயம் இல்லாமல் ஓடும்போது எக்சாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் இறங்குகிறது, தண்டு மேலே ஏறுகிறது, ராக்கர் இடைவெளி சுருங்குகிறது.

எட்டாவதை 0.012-க்குக் கொண்டுவந்து, கவருக்குப் புது கேஸ்கெட் போட்டு மூடினேன். ஐட்லிங் இப்போது சீராக இருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அந்த ஒன்றை மட்டும் திரும்ப அளக்கணும். மறுபடியும் இறுகியிருந்தால் ஹெட்டை இறக்கி, எக்சாஸ்டுக்குக் கெட்டியான சீட் அடிக்க வேண்டியதுதான்.