அம்மாவின் முழங்கால் வலியும் 3.4 கிரியேட்டினினும்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது, இரவில் இன்சுலின் ஊசியும் உண்டு. போன சித்திரையில் முழங்கால் வலி தாங்க முடியாமல் போய், தெருமுனை மருந்துக்கடையில் கேட்டதும் அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வலி குறைந்ததும் நானே போய் இன்னும் மூன்று அட்டை வாங்கி வந்தேன், அதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

மூன்றாவது வாரம் சர்க்கரை இறங்கியது. எப்போதும் 180க்குக் குறையாத வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 காட்டியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, குத்திப் பார்த்தால் 58. கால் வீக்கமும் இருந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றதற்குப் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு, 3.4. தை மாதம் எடுத்தபோது 1.1தான்.

கிட்னி டாக்டர் முதலில் கேட்டது மாத்திரைப் பையைத்தான். மேசையில் கொட்டி, வலி மாத்திரையையும், டெல்மிசார்டனோடு நீர் மாத்திரை சேர்ந்த பிரஷர் மாத்திரையையும் தனியே எடுத்து வைத்தார். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாயை விரித்து வைக்கும் சுரப்பை வலி மாத்திரையிலுள்ள அசிக்ளோஃபினாக் தடுத்துவிடுகிறதாம், அதனால் வரும் வழி சுருங்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் வழியைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவதற்கான அழுத்தமே இருக்காது. டெல்மிசார்டன் பொதுவாகச் சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து, அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் அழுத்திச் சொன்னார். சர்க்கரை இறங்கியதற்கும் காரணம் இதுவே. இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அது தளர்ந்தால் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்யும்.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. அந்த இரண்டையும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினார்கள், இன்சுலின் அளவைக் குறைத்தார்கள், தினமும் சிறுநீரை அளந்து எழுதினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 5.8 வரை ஏறியதால், அது அதிகமுள்ள இளநீர், வாழைப்பழம் கூடாது. டயாலிசிஸ் வரை போகவில்லை. மூன்று மாதத்தில் கிரியேட்டினின் 1.5க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

முழங்கால் வலி இப்போதும் இருக்கிறது. தொடைத் தசைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், ரொம்ப முடியாத இரவில் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். எனக்குப் பெரிய வருத்தம் வேறு. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை 14 வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் எடுக்கவில்லை. கிரியேட்டினின் 1.1 இருந்த நாளிலேயே அம்மாவின் சிறுநீரகம் பலவீனமாக இருந்திருக்கும் என்கிறார் டாக்டர்.