புக்கிட் ஜாலில் அரங்குக்குள் அடித்த காற்று

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீழக்கரையில் இறகுப்பந்து ஆடுவோருக்கு எதிரே நிற்பவர் இரண்டாம்பட்சம்தான். இஷா தொழுகை முடிந்து, வலை கட்டி, விளக்கைப் போட்டதும் பந்து அடுத்த வீட்டு மாடியைத் தேடிப் போய்விடும். அதனால்தான் காற்றே நுழையாத பெரிய அரங்கில் ஓர் ஆட்டத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் காக்காவை (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) நச்சரித்து, ஜனவரியில் மலேசிய ஓப்பன் போட்டிக்குச் சென்று வந்தேன்.

திருச்சி வரையிலான பேருந்தையும் விமானத்தையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நகரின் தெற்குப் புறநகரான புக்கிட் ஜாலிலில், 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுந்த வளாகத்துக்குள் நிற்கிறது, ஆக்சியாட்டா அரங்கம் என்ற பெயரால் அறியப்பட்ட அரங்கு. அதற்கும் முன்னாளில் அதன் பெயர் புத்ரா உள்ளரங்கம். ஏறத்தாழ 16,000 பேர் அமரலாம். இன்று இறகுப்பந்து நடக்கும் அதே தரையில் வேறொரு நாள் இசைக் கச்சேரி நடக்கும் என்பதால், ஆடுகளம் என்பது விரித்துச் சுருட்டக்கூடிய பச்சை விரிப்புதான். 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்ட அந்த ஆடுகளம், மேல் இருக்கையிலிருந்து பார்த்தால் தொழுகைப் பாய் அளவுக்குத்தான் தெரிகிறது. மலேசியாவின் நட்சத்திர ஆட்டக்காரர் லீ சோங் வெய் 12 முறை வென்ற போட்டி இது. அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியும் என் பின்வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் உள்ளேயும் காற்று இருந்தது! அத்தனை பேரின் உடல் வெப்பத்தையும் விளக்குகளின் சூட்டையும் தணிக்கக் குளிரூட்டியை ஓங்கி ஓட விட வேண்டியிருக்கிறது. ஐந்து கிராம் அளவே எடையுள்ள பந்துக்கு அந்த மெல்லிய வீச்சே போதும். ஒரு முனையிலிருந்து உயர்த்தி அடித்தவை எல்லைக் கோட்டைத் தாண்டி விழ, ஆட்டக்காரர் கையிலிருந்த மட்டையை வெறித்துப் பார்த்தார். அடுத்த செட்டில் இடம் மாறியதும் அதே அடி கோட்டுக்குள் அடங்கியது. நம்மூர்ப் பையன்கள் நாணயம் சுண்டி வென்றால் எந்தப் பக்கத்தைக் கேட்பார்களோ, அந்தக் கணக்குதான் உலகத் தரப் போட்டியிலும் ஓடுகிறது.

இரவு வெளியே வந்தபோதுதான் எரிச்சல் தொடங்கியது. மஸ்ஜித் இந்தியாவுக்குச் செல்ல ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், “ஐம்பது வெள்ளி தம்பி, இந்தக் கூட்டத்தில் வேறு வண்டி கிடைக்காது” என்று நல்ல தமிழில் சொன்னார். வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்; நம் பணத்தில் அது ஆயிரம் ரூபாய்க்கும் மேல். தமிழ் பேசியதற்குத் தள்ளுபடியாவது தந்திருக்கலாம். காக்கா பதிலே பேசாமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். அங்கிருந்து, மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்து நிலையமான மஸ்ஜித் ஜாமெக் வரை வண்டி மாறாமலே ரயில் செல்கிறது. கட்டணம் சில வெள்ளிதான். மிச்சமான பணத்தில் இருவரும் நாசி கண்டார் சாப்பிட்டோம். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் சோற்றின் மேல் ஒன்றாக ஊற்றித் தந்தார்கள். இந்தப் பயணத்தில் நான் செலவழித்த காசிலேயே முழுப் பலன் தந்தது அதுதான்.

போக நினைப்பவர்கள் இறுதியாட்டத்துக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. செவ்வாய், புதன் நாட்களின் முதல் சுற்றுகளில் ஒரே சீட்டில் பல களங்களைப் பார்க்கலாம், சீட்டும் மலிவு. தடித்த சட்டை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நம் கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது.